மிதந்த கல்

செத்துப்போனவருடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடி இல்லை. ஒரு கல் இருந்தது.

சுண்டுவிரல் நகத்தளவு. நிறமே கிடையாது. கண்ணாடி துடைக்கிற துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பத்திரமாக உள்ளே வைத்திருந்தார் மனிதர். போலீஸ்காரர்கள் அதைக் 'கண்ணாடித் துண்டு ஒன்று' என்று எழுதி, கைக்கடிகாரம், பேனா, பர்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து அவர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் அதை வக்கீலம்மாவின் மேஜைமேல் வைத்தபோது அழவில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்துபோய் அவர் முகத்திலேயே இருந்தது, அது சரி. ஆனால் அந்தப் பெட்டிக்குள் வேறு எதையும் வைக்க விடமாட்டார், ஒருமுறை தான் அதில் தலைவலி மாத்திரை வைத்ததற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களை ஏற்பாடு பண்ணினது அந்த மேஸ்திரியோட அக்கான்னு எனக்குத் தெரியும். பரவால்ல. அவன் பண்ணலைன்னா வேற யாரு பண்ணினாங்க? அது எனக்குத் தெரியணும்."

வக்கீலம்மா வக்கீல் தொழிலை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. தொழில் போனாலும் பெயர் போகவில்லை. இப்போது அவர் துப்பறிவாளர். அவருக்கு உதவியாக இருப்பவர் கம்பவுண்டர். இவரும் அப்படித்தான்: ஒரு டாக்டரிடம் இருபத்தாறு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, டாக்டர் மகனோடு வெளிநாடு போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். டாக்டர் கையெழுத்தையே படித்தவனுக்கு மனுஷன் முகத்தைப் படிக்கிறது என்ன பெரிய காரியம் என்பது அவர் கட்சி. அவருக்கு எல்லார்மேலும் சந்தேகம் உண்டு. தெருமுனையில் பஸ் சீக்கிரம் வந்துவிட்டால்கூட டிரைவர்மேல் சந்தேகப்படுவார்.

இந்தக் கேஸில் சந்தேகப்பட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செத்தவர் ஒரு ஜியாலஜிஸ்ட்; பீங்கான் தொழிற்சாலைகளுக்கு வெள்ளைக்கல் வெட்டி அனுப்பும் ஒரு குவாரியில் வேலை. அந்தக் குவாரியின் பெரிய பள்ளத்துக்குக் கருங்குழி என்று பெயர். ஒன்பது நாளுக்கு முன் காலை வேளையில் அதன் அடியில் அவர் உடல் கிடந்தது. கருங்குழியில் இறங்குகிறவர்களுக்குக் கயிறு பிடிப்பது மேஸ்திரியின் வேலை. முந்தின நாள்தான் இரண்டு பேரும் வெடி வைப்பது பற்றி ஊரே கேட்கிற மாதிரி சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்கு அது போதும். தான் கிடங்குக்கு ஒயர் எடுக்கப் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபோது கயிறு சுற்றி வைத்தது சுற்றி வைத்தபடியே இருந்ததாகவும், ஆனால் கீழே ஆள் கிடந்ததாகவும் மேஸ்திரி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றைத் தொடாமல் ஒருவர் நூறு அடிப் பள்ளத்துக்குள் எப்படிப் போவார்? ஆளைச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

"இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அவர் எங்கேருந்து வந்தார்னு தெரியும்" என்றார் வக்கீலம்மா.

"கல்லுகிட்ட கேட்டா சொல்லுமா?"

"கேக்கத் தெரிஞ்சவங்க கேட்டா சொல்லும்."

அப்படிக் கேட்கத் தெரிந்தவர் நகரத்துக் கல்லூரியில் இருந்தார். பேராசிரியர், தலை முழுக்க நரைத்த அம்மாள், முட்டி வலிக்காரர். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செத்துப்போன ஜியாலஜிஸ்ட் ஒரு காலத்தில் அவருடைய மாணவர். சாவுச் செய்தியைப் பேப்பரில்தான் பார்த்தேன் என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. கம்பவுண்டருக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போனது. கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் இந்த அம்மாள்தான்.

பேராசிரியர் கல்லை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தார். அதில் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்குமேல் கனமான ஒரு திரவம் இருந்தது. சாதாரண குவார்ட்ஸ் துண்டு ஒன்றைப் போட்டார். அது மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. ஜியாலஜிஸ்டின் கல்லைப் போட்டார். அது மிதந்தது.

"எங்க கிளினிக்குல மாத்திரை மிதந்தா டூப்ளிகேட்னு தூக்கிப் போட்ருவோம்" என்றார் கம்பவுண்டர்.

"இதைத் தூக்கிப் போட்டா பாவம்" என்றார் பேராசிரியர். "இதோட பேரு ஹாம்பர்கைட். என் கையால தொடுறது இது மூணாவது தடவையோ என்னவோ."

அது என்ன, எப்படி உண்டாகிறது என்று வக்கீலம்மா கேட்டார். பேராசிரியர் ஒரு பழைய கவரை இழுத்து அதன் முதுகில் வரைந்துகொண்டே சொன்னார். பூமிக்கடியில் கிரானைட் குழம்பாக இருக்கிறது. ஆற ஆற அதிலிருந்து ஒவ்வொரு தாதுவாக உறைகிறது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. போரான் என்று ஒன்று உண்டு, அதை மட்டும் எந்தக் கல்லும் உள்ளே விடுவதில்லை.

"பஸ்ஸுல சீட்டு கெடைக்காத ஆளு" என்றார் கம்பவுண்டர்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்னுக்கிட்டே வர ஆளு" என்று பேராசிரியர் சிரித்தார். அந்தக் கடைசி ஸ்டாப்தான் பெக்மடைட் என்றார். எல்லாம் உறைந்து முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற குழம்பு, தண்ணீரும் போரானும் லித்தியமும் பெரிலியமும் நிறைந்து, பாறை வெடிப்புகளில் ஏறி உறைகிறது. அதில் படிகங்கள் ஆள் உயரத்துக்குக்கூட வளரும். அங்கேயும் இரும்பு இருக்கிற வரைக்கும் போரானுக்கு நிம்மதி. இரண்டும் சேர்ந்து கறுப்பு டூர்மலின் என்கிற கல் ஆகிவிடும். கருங்குழிக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். இரும்பு தீர்ந்த பிறகு லித்தியத்தோடு சேர்ந்து ரோஸ் நிற டூர்மலின். அதற்கு அப்புறமும் போரான் மிச்சமிருந்தால்?

"அது ரொம்ப அபூர்வம்" என்றார். "உச்சியில ஒரு பொந்து இருக்கும். சுடுதண்ணி நிக்கிற பொந்து. சேத்துக்க வேற யாரும் இல்லாம போரானும் பெரிலியமும் மட்டும் கடைசியா அங்க ஒட்டிக்கும். அதுதான் இது. எல்லாத்துக்கும் கடைசில பொறந்தது."

"கருங்குழியில இது இருக்குமா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"இருக்கவே இருக்காது. அங்க போரான் மொத்தத்தையும் கறுப்பு முழுங்கிடுச்சு. அதே பாறை நரம்புல, மேல போனா இருக்கலாம்."

கவரில் படம் முடிந்திருந்தது. கீழே கறுப்புக் கோடுகள், நடுவில் வெள்ளை, உச்சியில் ஒரு பொந்து. பொந்துக்குள் சிவப்புப் பேனாவால் சில குச்சிகள் வரைந்து, அவற்றின் தலையை மட்டும் கறுப்புப் பேனாவால் அடைத்திருந்தார். பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெளிவான கற்கள். தீக்குச்சி அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கம்பவுண்டர் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த மலையில் மேல்சுரங்கம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி என்றும், ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாவி மேனேஜரிடம்தான் இருக்கும் என்றும் பேராசிரியர் சொன்னார். தான் அந்தப் பக்கமே போனதில்லையாம். கல் தன் மேஜைக்கு வரும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு தான் கல்லைத் தேடிப் போவதில்லை என்றார்.

வெளியே வந்ததும் கம்பவுண்டர் முடிவே கட்டிவிட்டார். பூட்டிய சுரங்கம், ஒரே சாவி, அது மேனேஜரிடம். இனி என்ன யோசனை?

மேனேஜர், குவாரி முதலாளியின் மனைவிக்குத் தம்பி. குவாரியில் எல்லாரும் அவரை 'மைத்துனர்' என்றே சொன்னார்கள்; அந்த உறவே பதவியின் பெயராகியிருந்தது. கருங்குழியைப் பார்க்க வேண்டும் என்றதும் தயக்கமில்லாமல் கூட்டிப் போனார். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த கம்பவுண்டர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர். அதில் விரல் தடிமனும் கை தடிமனுமாகக் கறுப்புக் கற்கள், கரி அள்ளி அப்பினாற்போல. எதிர்ச் சுவரில், பாதி உயரத்துக்குமேல், பாறையோடு பாறையாக நிறம் மங்கிய பலகைகள் தெரிந்தன. இரண்டு பலகைகளைக் காணோம்; அந்த இடம் இருட்டாக இருந்தது.

அது என்ன என்று வக்கீலம்மா கேட்டார். மேல்சுரங்கத்தின் பின்வாய் என்றார் மைத்துனர். உள்ளே வெட்டுகிற கழிவுக் கல்லை அங்கிருந்து கருங்குழிக்குள் தள்ளுவார்களாம். சுரங்கத்தை மூடியபோது பலகை அடித்துவிட்டார்கள். அதற்கு நேர் கீழே பார்த்தால் போலீஸ் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு.

வக்கீலம்மா மேலே இருட்டையும் கீழே கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேல்சுரங்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார்.

இப்போதுதான் மைத்துனரின் முகம் மாறியது. அங்கே ஒன்றும் இல்லை, வௌவால்தான் இருக்கிறது, முதலாளியைக் கேட்க வேண்டும், சாவி எங்கே வைத்தேனோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கம்பவுண்டர் வக்கீலம்மாவின் காதருகே குனிந்தார்.

"ஆளுக்கு வேர்க்குது பாருங்க. இந்தக் காத்துல எனக்குக் குளுருது."

கடைசியில் அவர் இடுப்பிலிருந்த கொத்திலேயே சாவி இருந்தது. மலையின் மறுபக்கம் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். இரும்புத் தகடு அடித்த கதவு. பூட்டு துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது. மைத்துனர் சாவியைப் போட்டு முறுக்கினார், எண்ணெய் விட்டார், கல்லால் தட்டினார். அரைமணி நேரம் போராடியும் அது அசையவில்லை.

கம்பவுண்டர் அந்த வேர்வையை ரசித்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா கதவின் மறுபக்கம் நின்று கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பவுண்டர், பூட்டு துருப் புடிச்சிருக்கு. இந்தத் திருகாணி ஏன் பளபளன்னு இருக்கு?"

அவர் வந்து பார்த்தார். மேலும் கீழுமாக இரண்டு கீல்கள், எட்டுத் திருகாணிகள், எட்டும் புதுசு. யாரோ பூட்டைத் தொடாமல் கீலைக் கழற்றிக் கதவைத் திறந்து, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு முறை இல்லை, பல முறை; தலைகளின் பள்ளம் தேய்ந்திருந்தது.

"சாவி வச்சிருக்கறவர் கீலை எதுக்குக் கழட்டணும்?" என்றார் வக்கீலம்மா.

கம்பவுண்டருக்குக் கட்டி வைத்த முடிவு கையோடு பெயர்ந்து வந்தது. பிறகு இந்த மனிதர் ஏன் வேர்த்தார்? கேட்டதற்கு மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். மூடிய சுரங்கத்தை மாசம் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு வருஷமாகத் தான் மேலே ஏறவே இல்லை, கீழே உட்கார்ந்தபடியே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றார். சோம்பேறித்தனம் வெளியே வந்துவிடுமே என்ற பயம்தான் அவ்வளவு வேர்வைக்கும் காரணம்.

கீலைக் கழற்றி உள்ளே போனார்கள். டார்ச் வெளிச்சத்தில் இருபது முப்பது அடி வெறும் வெள்ளைச் சுவர். தான் மூடிய அன்று இங்கே இதுதான் இருந்தது, மொட்டைச் சுவர் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டே வந்தார். பின்வாயின் வெளிச்சம் கண்ணில் படுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் பேச்சு நின்றது. சுவரில் பீரோ அளவுக்கு ஒரு பொந்து திறந்திருந்தது.

உள்ளே ஈரக் களிமண். அதிலிருந்தும் சுவரிலிருந்தும் ரோஸ் நிறக் குச்சிகள் நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தன. டார்ச் பட்டதும் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் விளக்கேற்றியதுபோல் சிவந்தது. இடையிடையே தெளிவான கற்களை யாரோ பக்குவமாகப் பெயர்த்து எடுத்த தடங்கள். மைத்துனர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி வாய் பிளப்பதை யாரும் நடிக்க முடியாது என்று கம்பவுண்டருக்கே தோன்றியது.

வக்கீலம்மா களிமண்ணைக் காட்டினார். பொந்தின் முன்னால் இரண்டு பேர் மண்டியிட்டிருந்தார்கள். ஒரு தடத்தில் முட்டியின் குழியும் பின்னால் பூட்ஸ் நுனியும் பதிந்திருந்தன. பக்கத்துத் தடத்தில் முட்டியே பதியவில்லை. சதுரமாக, துணி நெய்த அச்சோடு ஒரு பள்ளம் மட்டும்.

"தலகாணி போட்டு முட்டி போட்ருக்காங்க" என்றார் கம்பவுண்டர். சொல்லிவிட்டுப் பொந்துக்குள் டார்ச்சை நீட்டினார். அப்போதுதான் அந்தக் குச்சிகளின் நுனியைப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலையும் கறுப்பு.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கவரை எடுத்துப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புக் குச்சி, கறுப்புத் தலை. அடுக்கி வைத்த தீக்குச்சி.

"வக்கீலம்மா, இது புத்தகத்துல இருக்கற படமா இருக்கலாம் இல்லையா? எல்லா ஊர்லயும் இப்படித்தான் முளைக்கும்னு..."

"இரும்பு தீந்தப்புறம்தான் ரோஸ் வரும்னு அவங்களே சொன்னாங்க. தீந்துபோனது கடைசில நுனிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" வக்கீலம்மா பொந்தின் அடியைக் காட்டினார். அங்கே பாறை இரண்டாகப் பிளந்திருந்தது; பிளவு நெடுக செங்காவியாகத் துரு இறங்கியிருந்தது. "எனக்குப் பாறை தெரியாது. ஆனா துரு தெரியும். பொந்து ஒடைஞ்சு, வெளியிலேர்ந்து இரும்பு உள்ள வந்துருக்கு. இந்தப் பொந்துக்கு நேர்ந்த விபத்து அது. பொதுவா வரையறவங்க யாரும் தலையைக் கறுப்பாக்க மாட்டாங்க. இதைப் பாத்தவங்க கைதான் அப்படிப் போகும்."

ஜியாலஜிஸ்ட் ஒரு குச்சியைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டியிருக்கலாமே என்று கம்பவுண்டர் விடாமல் கேட்டார். அந்த அம்மாளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. காட்டியிருந்தால் நம்மிடம் ஏன் மறைத்தார் என்றார் வக்கீலம்மா. கம்பவுண்டர் கவரை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

ஆபீசுக்கு இறங்கி வந்ததும், இவ்வளவு பெரிய புதையலை வைத்துக்கொண்டு சுரங்கத்தை ஏன் மூடினீர்கள் என்று வக்கீலம்மா மைத்துனரைக் கேட்டார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கள்மேல் தப்பில்லை, போன வருஷம் மேலே வெள்ளைக்கல் குறைந்ததும் படித்தவர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் மூடினோம் என்று அலமாரியிலிருந்து ஓர் அறிக்கையை உருவிப் போட்டார். இருபது வருஷத்துக்கு முந்தியது. இந்த நரம்பில் போரான் முழுவதும் கறுப்பு டூர்மலினிலேயே முடிந்துவிட்டது, மேலே வெட்டிப் பயனில்லை என்று முடிந்திருந்தது. அடியில் கையெழுத்து. காலையில் கல்லூரி அறைக் கதவில் பார்த்த அதே பெயர்.

கல்லூரிக்குத் திரும்பும்போது மணி நாலு. வழியில் வக்கீலம்மா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் சுழல்கிற சக்கரத்தில் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா கவரை மேஜைமேல் வைத்து, குச்சியின் தலையில் விரலை வைத்தார்.

"இரும்பு தீந்துபோச்சுன்னு சொன்னீங்க. அப்புறம் இது ஏன் கறுப்பா இருக்கு?"

பேராசிரியர் குனிந்து பார்த்தார். மாணவி கேட்ட சந்தேகத்துக்குச் சொல்வதுபோல, "அடியில விரிசல் விட்டுப்போச்சு. அது வழியா இரும்பு திரும்ப உள்ள வந்துருக்கு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையை நீட்டிச் சக்கரத்தை நிறுத்தினார். அது நின்று அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. பொந்தை ஜியாலஜிஸ்ட் கண்டுபிடித்து இரண்டு மாசம் ஆகிறது. அறிக்கை தப்பாக இருக்குமோ என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம். மேனேஜர் சாவி தரமாட்டார் என்று கீலைக் கழற்றிப் போயிருக்கிறார். கண்டதும் முதலில் தன் ஆசிரியரிடம்தான் சொன்னார். திருத்தத்தை நீங்களே எழுதுங்கள், அதுதான் மரியாதை என்றார். இவருக்கோ அடுத்த மாசம் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் பதவி காத்திருந்தது. அந்த இருபது வருஷப் பெயர் நின்றதே இந்த அறிக்கையின்மேல்தான். கொஞ்சம் பொறு என்று கேட்டார். மாணவரும் பொறுத்தார். ஆனால் கீழே கருங்குழியில் வெடி வைக்க வைக்க, மேலே பொந்து அதிர்ந்து உதிரத் தொடங்கியது. காரணம் சொல்ல முடியாமல் வெடியை நிறுத்தச் சொல்லி அவர் மேஸ்திரியிடம் போட்ட சண்டைதான் ஊர் கேட்டது. இனிமேல் பொறுக்க முடியாது, இன்றைக்கே முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்று மறுநாள் காலை இவரையும் மேல்சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், கற்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நான் தள்ளல" என்றார் பேராசிரியர். "பெட்டியைப் புடுங்கினேன். அவன் விடல. வெளிச்சத்துக்காகப் பின்வாய்கிட்ட நின்னுக்கிட்டிருந்தோம். பலகை ரெண்டும் உளுத்துப்போயிருந்தது."

"விழுந்ததும் செத்துட்டாரா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

பேராசிரியர் நின்றுபோன சக்கரத்தின் ஈரத்தை விரலால் துடைத்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டான். மேடம், மேடம்னு. நான் பெட்டியை எடுத்துக்கிட்டு, கீலைத் திரும்ப முடுக்கிட்டு, வந்த வழியே இறங்கிட்டேன்."

பெட்டி அந்த அறையிலேயே, பீரோவின் அடித்தட்டில் இருந்தது. ஒரு கல்லை மட்டும் ஜியாலஜிஸ்ட் முன்னாலேயே எடுத்து, யாரிடம் காட்டவோ, தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். அது இவருக்குத் தெரியாது. காலையில் வக்கீலம்மா மேஜைமேல் வைத்தபோதுதான் பார்த்தார்.

கம்பவுண்டரால் தாங்க முடியவில்லை. "அம்மா, காலைல நீங்க இதைக் குவார்ட்ஸ்னு சொல்லியிருந்தா நாங்க நம்பிட்டுப் போயிருப்போமே. ஏன் சொல்லல?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாற்போலக் கம்பவுண்டரைப் பார்த்தார்.

"கல்லைப் பத்திப் பொய் சொல்ல எனக்கு வராது. அன்னைக்கு அறிக்கையில எழுதினது தப்பு. பொய் இல்ல."

ஒன்பது நாளாக ஒருவன் கம்பிக்குள் உட்கார்ந்திருந்தானே, அவனைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருக்க வந்ததா என்ற கேள்வி கம்பவுண்டரின் தொண்டை வரைக்கும் வந்தது. பேராசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். அந்தக் கேள்வியை வக்கீலம்மாவும் கேட்கவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வெளியே வந்தான். சிறை வாசலில் அக்கா காத்திருந்தாள். தையல்கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். தம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், இளைத்துப்போனான் என்றாள், பிறகு அழுதாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வக்கீலம்மாவின் பக்கம் திரும்பினான். நன்றி சொல்லப்போகிறான் என்று கம்பவுண்டர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"பின்வாய்ல பலகை அடிச்சாச்சுங்களா?" என்று கேட்டான்.

யாரும் அடிக்கவில்லை. போலீஸ் வந்தார்கள், அளந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். மைத்துனர் பதிவேட்டில் எழுதியிருப்பார். அங்கே வாய் பிளந்தபடி கிடந்தால் இன்னொருத்தன் விழுவான் என்றான் மேஸ்திரி. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் நான்கு புதுப் பலகைகளைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் மேல்சுரங்கத்துக்கு ஏறினார்கள். மேஸ்திரி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்பில் குந்தி அடித்தான். கயிற்றின் மறுமுனையைக் கம்பவுண்டர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து நின்றார். பிடி விடக் கூடாது என்பதால் ஆணிகளை வைக்க அவருக்கு வேறு இடமில்லை. பதினாறையும் உதட்டில் கவ்விக்கொண்டார். மேஸ்திரி திரும்பி ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். கடைசி ஆணி இறங்குகிற வரைக்கும் கம்பவுண்டர் ஒரு வார்த்தை பேசவில்லை.